கடைசி எண் ஒன்பது

ஃப்ளூ காய்ச்சல் ஊருக்குள் நுழைந்ததற்கு அடுத்த வாரத் திங்கட்கிழமை, மைக்காரர் முப்பத்து நான்கு தெருமுனைகளில் ஒலிபெருக்கி வேனை நிறுத்திச் சொன்ன அறிவிப்பு, வேன் போன பிறகும் அந்த முப்பத்து நான்கு இடங்களிலும் அப்படியே நின்றுவிட்டது. தரையிலிருந்து ஏழடி உயரத்தில், ஒரு தலையணை கொள்ளும் அளவு இடத்தில் அது இருந்தது. ஆளில்லாதபோது வாயைத் திறக்காது. யாராவது அடியில் வந்தால் முதலிலிருந்து ஆரம்பித்து, ஒன்றே முக்கால் நிமிடம் பேசி முடித்துவிட்டு, அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும். மின்சார அலுவலகத்திலிருந்து ஒருவர் ஏணி போட்டு ஏறி அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருக்கிறது, ஷாக் அடிக்கவில்லை, எனவே தங்கள் துறையைச் சேர்ந்ததல்ல என்று சொல்லி இறங்கிவிட்டார். சுகாதார அலுவலகம் இரண்டு முனைகளில் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தது, ஒரு முனையில் போர்வை போட்டு மூடிப் பார்த்தது. போர்வைக்குள் இருந்தும் அது பேசியது, கொஞ்சம் மூக்கடைத்தாற்போல. கடைசியில் அறிக்கையில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டார்கள், ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. ஊருக்கு அப்போது அதைவிடப் பெரிய கவலைகள் இருந்தன.

அறிவிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருமல் தும்மல் வந்தால் முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொள்ளுங்கள் என்றது. சோப்புப் போட்டு, அவசரப்படாமல் கை கழுவுங்கள் என்றது. காய்ச்சல் கண்டவர்கள் வீட்டிலேயே இருங்கள், மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள் என்றது. எந்தச் சந்தேகமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொல்லி ஒரு தொலைபேசி எண்ணைச் சொன்னது. கடைசி எண் மட்டும் தப்பு. நான்கு என்று இருக்க வேண்டியதை மைக்காரர் ஒன்பது என்று சொல்லியிருந்தார். முப்பத்து நான்கு இடத்திலும் ஒன்பது.

ஒன்பதில் முடியும் அந்த எண், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை வீட்டில் தனியாகக் குடியிருந்த விசாரணையம்மாவுடையது. ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து, எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை என்று சொல்லிச் சொல்லி ஓய்வுபெற்றவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். ஒரு கேள்விக்கு ஒரே பதில், இரண்டாம் தடவை கேட்டால் முறைப்பு, மூன்றாம் தடவை கேட்டால் "அடுத்து!" என்பது அவர் வழக்கம். ஓய்வுபெற்ற ஆறு வருடத்தில் அவருடைய தொலைபேசி வாரத்துக்கு ஒரு தடவை அடித்தால் அதிகம். அந்தத் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அடித்தபோது, அடுப்பை அணைத்துவிட்டுப் போய் எடுத்தார்.

"அம்மா, மூணு நாளா காய்ச்சல். இன்னைக்கு வேலைக்குப் போகலாமா?"

"போனா போ, போகாட்டி இரு. என்னை எதுக்குய்யா கேக்கற?"

வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி அடித்தது. சாயங்காலம் விளக்குப் போடும்போது நாற்பத்தொரு பேர் கேட்டிருந்தார்கள். நாற்பத்தொரு பேரிடமும் இது வீடு என்று சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை நாற்பத்திரண்டாவதாக ஒரு பெண் கூப்பிட்டாள். குழந்தை மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போகிறது என்றாள். இது வீடு என்று சொல்ல வாயைத் திறந்த விசாரணையம்மா, முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் வேறொன்றைக் கேட்டுவிட்டார். "எத்தனை வயசு? பால் குடிக்குதா? அழுதா கண்ணீர் வருதா?" பதில் வரவர அவருடைய குரல் இறுகியது. "இதப் பாரு, போனை வச்சுட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. துணி மாத்தறேன், பை எடுக்கறேன்னு நிக்காத. ஆமா, இந்த நம்பரை உனக்கு யாரு குடுத்தது?" "தெருமுனையில சொல்லுதேம்மா," என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிட்டாள். விசாரணையம்மா ரிசீவரை வைத்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார்.

வாயையும் மூக்கையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, மாடிப்படி இறங்கி, தன் வீட்டிலிருந்து முப்பது தப்படியில் இருக்கும் முனைக்குப் போய் நின்றார். தலைக்கு மேலே அவருடைய தம்பி பேச ஆரம்பித்தான்.

பதினொரு வருடமாக அவர் அந்தக் குரலைக் கேட்டதில்லை. அதாவது தனக்கென்று கேட்டதில்லை. ஊருக்குப் பொதுவாக அது தூரத்தில் எங்கோ போய்க்கொண்டுதான் இருந்தது. மைக்காரர் அவருக்கு ஒன்பது வயது இளையவர், அவர் இடுப்பில் வளர்ந்தவர். ஒலிபெருக்கிக் கடை வைத்து, வெளியூருக்குக் கருவிகளோடு போயிருந்த ஒரு மாதத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. வரும்போது வரட்டும், சொல்லாதே, அவன் வேலை கெட்டுப்போகும் என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். விசாரணையம்மா சொல்லவில்லை. தம்பி திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. "ஊருக்கெல்லாம் சேதி சொல்றது என் பொழப்பு. எங்கம்மா சேதி எனக்குக் கடைசியிலதான் தெரியணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான். பேச்சுவார்த்தை அறுந்துபோயிற்று. இரண்டு பேருமே, விட்டுக்கொடுத்தால் குறைந்து போய்விடுவோம் என்று நினைக்கும் ரகம்.

முனையில் நின்று விசாரணையம்மா அறிவிப்பை மூன்று தடவை கேட்டார். முதல் தடவை கோபத்தில் பாதி காதில் விழவில்லை. இரண்டாம் தடவை எண்ணைச் சரிபார்த்தார். மூன்றாம் தடவை எதற்குக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

நேராகச் சுகாதார அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி இளம் பெண், நான்கு நாளாகத் தலை சீவ நேரமில்லாதவர். "மன்னிச்சுக்குங்கம்மா, அந்தக் குரலை எடுக்க முடியல. சரியான நம்பரை எல்லாச் சுவத்துலயும் ஒட்டியிருக்கோம். ஆனா ஜனங்க சுவத்தை நம்ப மாட்டேங்கறாங்க, குரலைத்தான் நம்பறாங்க," என்றார். நான்கில் முடியும் எண்ணுக்கு இரண்டு நாளில் மூன்றே பேர் கூப்பிட்டிருந்தார்கள். அதில் ஒருவர் அச்சகத்துக்காரர், பாக்கிச் சுவரொட்டியை எங்கே இறக்குவது என்று கேட்டவர். இணைப்பை மாற்றித் தர ஆறு வாரம் ஆகும் என்று தொலைபேசி அலுவலகம் சொல்லியிருந்தது.

விசாரணையம்மா மேஜையிலிருந்த சுவரொட்டி ஒன்றை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். "சரி. கேள்வியெல்லாம் எங்கிட்ட வருது, பதிலெல்லாம் உங்ககிட்ட இருக்கு. பதிலைக் கட்டிக் குடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

இரண்டு மணி நேரம் அதிகாரி முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டார். யார் காத்திருக்கலாம், யார் காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகள், சர்க்கரைக்காரர்கள், இழுப்பு உள்ளவர்கள், அறுபத்தைந்து தாண்டியவர்கள், கைக்குழந்தைகள் ஏன் முதல் நாளே டாக்டரைப் பார்க்க வேண்டும். சரியாகி எழுந்தவருக்கு மறுபடி காய்ச்சல் ஏறினால் ஏன் அது சும்மா விடுகிற விஷயமில்லை. வீட்டுக்கு வந்து, பழைய நாட்காட்டித் தாள்களைத் திருப்பி ஒட்டி, சுவர் முழுவதும் கோடு போட்டார். தடுப்பூசி எந்தக் கிழமை எந்தப் பள்ளியில், எந்த மருந்துக் கடை எத்தனை மணி வரை, முகக்கவசம் எங்கே இலவசம், ஆஸ்பத்திரியில் எந்த வாசல் காய்ச்சல்காரர்களுக்கு. முப்பத்தொரு வருடம் தன் தலைக்கு மேல் தொங்கிய ரயில் அட்டவணை மாதிரியே அது இருந்தது. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரிசீவரை எடுத்து "விசாரணை," என்றார்.

அதற்குப் பிறகு ஊர் அவரை விடவில்லை. அவரும் ஊரை விட்டுவைக்கவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது, ஆபீசுக்குப் போகிறேன் என்றவனை, மாத்திரை போட்டு விட்டதா, போடாமல் விட்டதா என்று மடக்கினார். மாத்திரை இல்லாமல் ஒரு முழுநாள் உடம்பு சுடாமல் இருந்தால்தான் வீட்டை விட்டு இறங்கலாம், இல்லையென்றால் நீ போகிற பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் பாகம் பிரித்துக் கொடுக்கிறாய் என்று அர்த்தம் என்றார். தடுப்பூசி போட்ட மறுநாளே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பிய பெரியவரிடம், ஊசிக்கும் உடம்பில் ஊறுவதற்கு இரண்டு வாரம் வேண்டும், அது என்ன சுவிட்சா என்று கேட்டார். சிலர் ஒன்றுமில்லாததற்கும் கூப்பிட்டார்கள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து, பேச ஆளில்லாமல், இருமலைச் சாக்கு வைத்துக் கூப்பிட்டவர்கள். அவர்களை அவர் இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த பிறகு மூன்றாவதாக ஒரு கேள்வியும் கேட்பார்: "சாப்டாச்சா?" ஜன்னல் வழியாக இறங்கும் கூடையில் விலாசம் எழுதிய சீட்டுகள் இருக்கும். கீழே சைக்கிள் கடைக்காரர் அவற்றை எடுத்துக்கொண்டு, எழுந்து நடக்க முடியாதவர்கள் வீட்டு வாசலில் மருந்தும் ரொட்டியும் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, ஆறடி தள்ளி நின்று ஆள் எடுத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு வாரத்தில் விசாரணையம்மாவுக்கு இன்னொன்றும் பிடிபட்டது. கூப்பிடுகிறவர்களின் ஜன்னலுக்கு வெளியே தம்பியின் குரல் கேட்கும். எல்லா முனையிலும் ஒரே அறிவிப்புதான் என்றாலும், சொன்ன நேரத்தில் பக்கத்தில் இருந்த சத்தமும் கூடவே ஒட்டிக்கொண்டு நின்றிருந்தது. ஒரு முனையில் "பொதுமக்களுக்கு" என்றதும் பள்ளிக்கூட மணி அடிக்கும். இன்னொன்றில் கை கழுவச் சொல்லும் இடத்தில் யார் கையிலிருந்தோ பாத்திரம் விழும். தண்ணீர்த் தொட்டி முனையில் வேன் டிரைவர் தும்முவார். ஆள் விலாசம் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்பே, "நாய் குரைக்குதே, மரக்கடை முனைதானே? சொல்லு," என்பார் அவர். சுவரில் அந்த முனைகளையும் ஒரு பட்டியலாக எழுதினார். முப்பத்து மூன்று சேர்ந்தன. ஒன்று மட்டும் அகப்படவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து யாருமே கூப்பிடவில்லை.

மைக்காரருக்குத் தன் தப்பு செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது. அதிகாரி சொன்னபோது இருக்கவே இருக்காது என்றார். ஒரு முனைக்கு அழைத்துப்போய் நிறுத்தினார்கள். தன் குரலைத் தானே அண்ணாந்து கேட்டுவிட்டு, வேனில் ஏறி உட்கார்ந்தார். தாளில் நான்கு என்றுதான் இருந்தது. கண் நான்கைப் பார்த்தது, நாக்கு பதினொரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த எண்ணைச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து தினமும் முப்பத்து நான்கு முனைக்கும் போய், "முன்னால் சொன்னது என் தவறு. கடைசி எண் நான்கு. ஒன்பது அல்ல, நான்கு," என்று சொன்னார். அந்தக் குரல் எதுவும் நிற்கவில்லை. எல்லா அறிவிப்பையும் போல வேன் கிளப்பிய தூசியோடு போய்விட்டது. காலை பத்து மணிக்கு வேன் சைக்கிள் கடையைத் தாண்டும்போது விசாரணையம்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே ஜன்னலருகில் வந்து நிற்பார். ஜன்னலைத் திறக்க மாட்டார். ஒன்பது யாருடையது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. ஒன்பதாம் நாள் வேன் வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை. வண்டி பழுதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டாரே தவிர, அன்று இரண்டு பேருக்குத் தடுப்பூசிக் கிழமையை மாற்றிச் சொல்லி, திரும்பக் கூப்பிட்டுத் திருத்த வேண்டியிருந்தது.

பதினோராம் நாள் மத்தியானம் மூன்றரை மணிக்கு வந்த அழைப்பில் பேச்சே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஏறி இறங்கி, நடுவில் அடைத்துக்கொண்டு ஒரு மூச்சு.

"விசாரணை. பேச முடியலையா? பரவால்ல. ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு தட்டு. போன் மேலயே தட்டு. காய்ச்சலா?"

ஒரு தட்டு.

"மூச்சு வாங்குதா?" ஒன்று. "நெஞ்சு வலி?" கொஞ்சம் தாமதித்து, ஒன்று. "காலையிலேர்ந்து தண்ணி குடிச்சியா?" இரண்டு. "கூட யாராச்சும் இருக்காங்களா?" இரண்டு.

விசாரணையம்மா எழுந்து நின்றுவிட்டார். வண்டி அனுப்ப வேண்டும். எங்கே அனுப்புவது? தட்டுகளில் விலாசம் வராது. தெருத் தெருவாகப் பேர் சொல்லிக் கேட்கலாம், ஊரில் இருநூற்றுப் பதினாறு தெரு, அந்த மூச்சு அதுவரை தாங்காது. "இதப் பாரு. ஜன்னல் இருக்கா பக்கத்துல? ஊர்ந்தாவது போய்த் திற. போனை வெளிப்பக்கமா வை," என்றார். எதுவோ நகர்ந்தது, எதுவோ விழுந்தது, கொண்டி கிறீச்சிட்டது. பிறகு வெறும் தெரு. காய்ச்சலுக்குப் பயந்து ஊரே உள்ளே இருந்த நாட்கள் அவை. குரல் இருந்தால் போதாது, அதன் அடியில் ஒரு ஜீவன் நடந்தாக வேண்டும். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. "தூங்காத. தட்டு," என்றார். தட்டு வந்தது. மூன்றாவது நிமிடம் தட்டு மெதுவாக வந்தது. நான்காவது நிமிடம், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாய் தன் வேலையாக அந்த முனையைக் கடந்தது. மைக்காரரின் குரல் ஆட்களையும் நாய்களையும் பேதம் பார்ப்பதில்லை.

"ஹலோ, ஹலோ. மைக் டெஸ்ட். ஒண்ணு, ரெண்டு, மூணு. வருதாண்ணே?" என்றது தெரு. "வருது வருது," என்றது டிரைவரின் குரல். அதற்குப் பிறகுதான் "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு."

சுவரில் இல்லாத முப்பத்து நான்காவது முனை. வண்டியைச் சரிபார்ப்பது நடுவழியில் அல்ல, புறப்படும் இடத்தில். ரயிலில் வேலை பார்த்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மைக்கை அவன் எங்கிருந்து எடுத்துக்கொண்டு புறப்பட்டிருப்பான்? தன் கடை வாசலிலிருந்து.

"டேய்," என்றார். "நீயாடா?"

போன் எதன் மேலோ உரசியது. பிறகு ஒரு தட்டு.

சைக்கிள் கடைத் தெருவில் இருந்தவர்கள், விசாரணையம்மா அன்று கத்திய கத்தலைப் பிறகு பல வருடம் உதாரணமாகச் சொன்னார்கள். ரிசீவரை விடாமல், அதன் வயரை இழுக்கும் மட்டும் இழுத்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சைக்கிள் கடைக்காரரே! ஆம்புலன்சைக் கூப்பிடுங்க! ஒலிபெருக்கிக் கடை! என் தம்பிய்யா! என் தம்பி!" என்று கத்தினார். அவருக்கு ஒரு தம்பி இருப்பதே பாதித் தெருவுக்கு அப்போதுதான் தெரியும். சைக்கிள் கடைக்காரர் கைபேசியில் சொல்லிக்கொண்டே பெடலில் கால் வைத்துவிட்டார். விசாரணையம்மா அழைப்பைத் துண்டிக்கவில்லை. அவன் மனைவி மகளுடைய பிரசவத்துக்குப் போய், திரும்பி வர வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருப்பதைக் கேள்வி கேட்டுத் தட்டுகளில் தெரிந்துகொண்டார். கதவுத் தாழ்ப்பாளை எடுத்துவிடச் சொன்னார். சாய்ந்து உட்காரச் சொன்னார், படுக்காதே என்றார். அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று தெரியவில்லை. பேச்சை நிறுத்தினால் அவன் தூங்கிவிடுவான் என்று பயமாக இருந்தது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னார். காலை ஆறு பத்து, முதல் நடைமேடை, எல்லா நிலையத்திலும் நிற்கும். ஆறு நாற்பது, மூன்றாவது நடைமேடை, விரைவு வண்டி. ஏழு ஐந்து, இன்று இருபது நிமிடம் தாமதம். எட்டேகால் வண்டிக்கும் எட்டரை வண்டிக்கும் நடுவில், அதே குரலில், "அம்மா சொல்லாதன்னா. அவ சொன்னாலும் நான் சொல்லியிருக்கணும்டா. தப்புதான்," என்றார். ஒன்பது மணி வண்டியைச் சொல்லவில்லை. "இன்னும் கோவமா இருக்கியா?"

மூச்சு இழுத்தது. ஒரு தட்டு விழுந்தது. விசாரணையம்மா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது தட்டும் விழுந்தது.

கதவு திறந்து சுவரில் மோதும் சத்தம், பூட்ஸ் சத்தம், சைக்கிள் கடைக்காரர் "இருக்காரு, இருக்காரு" என்று சொல்லும் சத்தம் வரிசையாகக் கேட்டு, இணைப்பு அறுந்தது. ரிசீவரை வைத்ததும் மறுபடி அடித்தது. தடுப்பூசியை இடது கையில் போட்டுக்கொள்வதா வலது கையில் போட்டுக்கொள்வதா என்று ஒரு பெண் கேட்டாள். "எந்தக் கையால சாப்பிடறியோ அதை விட்டுட்டு இன்னொண்ணுல போட்டுக்கோ கண்ணு," என்றார் விசாரணையம்மா. அவர் யாரையாவது கண்ணு என்று கூப்பிட்டதாகப் பதிவாகியிருப்பது இது ஒன்றுதான்.

மைக்காரர் ஒன்பது நாள் ஆக்ஸிஜனில் இருந்தார். இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அவரைப் போய்ப் பார்க்க விசாரணையம்மாவுக்கு அனுமதி இல்லை. அவர் வயதுக்குக் காய்ச்சல் வார்டுக்குள் விடமாட்டோம் என்றார்கள். அந்த விதியை இத்தனை நாளாக ஊருக்குப் படித்துக் காட்டியவரே அவர்தான் என்பதால், வீட்டிலேயே இருந்துகொண்டார். தினமும் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்து, எல்லாரையும் போல வரிசையில் காத்திருந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். விசாரணை ஜன்னலின் வெளிப்பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போது புரிந்தது என்று பின்னாளில் சைக்கிள் கடைக்காரரிடம் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, முகக்கவசம் கட்டிக்கொண்டு, மெலிந்துபோய், மைக்காரர் மாடிப்படி ஏறி வந்து வாசலில் நின்றார். குரல் திரும்பியிருந்தது, நூல் மாதிரி. இரண்டடி தள்ளி நின்றால் கேட்காது.

விசாரணையம்மா முக்காலியை விட்டு எழவில்லை. "காய்ச்சல் விட்டு எத்தனை நாள் ஆச்சு?"

"எட்டு நாள்க்கா."

"மாத்திரை போடாமலா?"

"போடாமதான்."

"மூச்சு?"

"படி ஏறினேனே."

"அப்ப உள்ள வா. கையைக் கழுவிட்டு உக்காரு."

அவர் கழுவினார். ஊருக்குச் சொன்னபடியே, அவசரப்படாமல், விரல் இடுக்கு வரை தேய்த்துக் கழுவினார். அக்கா பின்னால் நின்று துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் தொலைபேசி அடிக்கவே, துண்டைத் தம்பியின் தோளில் போட்டுவிட்டுப் போய் எடுத்தார்.

காய்ச்சல் பதினொரு வாரத்தில் அடங்கியது. அந்த வருடம் ஊரில் பத்தொன்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஏழு பேர் குரலைக் கேட்டும், எதற்குத் தொந்தரவு என்று கூப்பிடாமல் இருந்துவிட்டவர்கள். விசாரணையம்மா அந்த ஏழு வீட்டு விலாசத்தையும் சுவர் அட்டவணையின் அடியில் எழுதிவைத்தார். அடுத்த வருடம் குளிர் தொடங்கியபோது, அந்த ஏழு வீட்டுக்கும் அவரே முதலில் கூப்பிட்டு, ஊசி போட்டாச்சா என்று கேட்டார். விலா உள்ளே போன குழந்தை பிழைத்தது. தொலைபேசி இணைப்பை மாற்றும் தாள் ஆறு வாரம் கழித்து வந்தபோது, அதிகாரி அதைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டு, எல்லாச் சுவரொட்டியிலும் கடைசி எண்ணை ஒன்பது என்று அச்சடிக்கச் சொன்னார். ஊருக்கு அது பிறகு பொதுவான எண்ணாகிவிட்டது. குழாயில் தண்ணீர் எப்போது வரும், குழந்தைக்கு மூன்றாவது தடுப்பூசி எந்த மாதம், பூனை கடித்தால் எங்கே போவது என்று எல்லாவற்றுக்கும் கேட்டார்கள். செவ்வாயும் சனியும் மைக்காரர் வந்து முக்காலியில் உட்காருவார். அவருடைய நூல் குரலைக் கேட்க ஊர் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனமாகக் கேட்டது. ஒலிபெருக்கியில் சொன்ன காலத்தில் இத்தனை கவனமாகத் தன்னை யாரும் கேட்டதில்லை என்று அவருக்கு ஒரு பெருமை.

தெருமுனைகளில் நின்ற குரல்கள் வெயிலிலும் மழையிலும் மெல்லத் தேய்ந்தன. மேற்கு வெயில் படும் முனைகளில் முதலில் போயிற்று. மரக்கடை முனையில் கடைசியில் நாய் குரைப்பது மட்டும் ஒரு வருடம் இருந்து, அதுவும் போனது. ஐந்தாவது வருடம் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் இருந்தது ஒன்றுதான் மிச்சம். அதற்கு மட்டும் தேய்மானம் இல்லை. அந்த வருடம் நகராட்சியிலிருந்து தெருவில் உள்ள பொதுச் சொத்துகளைக் கணக்கெடுக்க ஒரு குமாஸ்தா வந்தார். முனையில் நின்று ஒன்றே முக்கால் நிமிடமும் கேட்டுவிட்டு, மாடிக்கு வந்து, அக்காவும் தம்பியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மேஜையில் பதிவேட்டை விரித்தார்.

"இதுல பராமரிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. யார் பேரைப் போடறது?"

மைக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "வீட்டு நம்பரைப் போட்டுக்குங்க. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் இருப்போம்," என்றார்.

குமாஸ்தா எழுதினார். விளக்குக் கம்பம், இரண்டு. தண்ணீர்க் குழாய், ஒன்று. குப்பைத் தொட்டி, ஒன்று, மூடி இல்லை. குரல், ஒன்று, நல்ல நிலையில் உள்ளது. மை காயும் வரை ஊதிவிட்டு, பதிவேட்டை மூடிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்.